கீழே வைத்த பறை, கையில் எடுத்த பறை

போன பங்குனியில் எங்கள் சேரியில் மூன்று நாள் பறைப் பயிற்சி நடத்தினோம். லப்பைக்குடிக்காட்டிலிருந்து நடந்து போகிற தூரம்தான். பெரம்பலூரிலும் திட்டக்குடியிலும் படிக்கிற பிள்ளைகள் இருபது பேர் வந்திருந்தார்கள். இரண்டாம் நாள் காலையில் என் பெரியப்பா சமுதாயக் கூடத்து வாசலில் வந்து நின்றார். முப்பது வருடம் சாவுக்கும் சாமிக்கும் அடித்த கை அவருடையது. ஒரு மாணவி ஓடிப்போய்ப் பறையை நீட்டி, "தாத்தா, எங்களுக்கு ஒரு அடி சொல்லிக் குடுங்க" என்றாள். அவர் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "இதக் கீழ வக்கிறதுக்கு நாங்க பட்ட அடி எவ்வளவுன்னு உனக்குத் தெரியுமா பாப்பா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அந்தப் பிள்ளைக்கு முகம் சுண்டிப் போயிற்று. மதியச் சாப்பாட்டில் என்னிடம் வந்து, "அப்ப நாம செய்யறது தப்பா தோழர்?" என்றாள். வாயால் சொல்லி முடிகிற பதில் இல்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

பறை என்று பேச ஆரம்பித்தாலே நம் மேடைகள் சங்க காலத்துக்குப் போய்விடும். போகலாம், தப்பில்லை. தொல்காப்பியம் திணைகளுக்கு உரிய கருப்பொருள்களை அடுக்கும்போது தெய்வம், உணவு, மரம், பறவை இவற்றோடு பறையையும் சேர்த்துச் சொல்கிறது. அதாவது ஒவ்வொரு நிலத்துக்கும் அதற்கென்று ஒரு பறை இருந்தது. புறநானூற்றின் 335ஆம் பாட்டு துடியன், பாணன், பறையன், கடம்பன் என்று நான்கு குடிகளைப் பெயர் சொல்லிப் பெருமைப்படுத்துகிறது. பறைதல் என்றால் சொல்லுதல். மலையாளத்தில் இன்றைக்கும் அந்தப் பொருளில்தான் பேசுகிறார்கள். இதெல்லாம் உண்மை. ஆனால் இந்தப் பெருமையை வைத்துக்கொண்டு என் பெரியப்பாவுக்குப் பதில் சொல்ல முடியாது. அவர் வாழ்ந்தது 335ஆம் பாட்டுக்குள் இல்லை. சொல்லுவதற்கான கருவி என்ற பொருளில் பிறந்த பெயர், வெள்ளைக்காரன் அகராதியில் 'ஒதுக்கப்பட்டவன்' என்ற பொருளோடு போய் உட்கார்ந்ததே, அந்த இடைவெளியில்தான் அவர் வாழ்ந்தார்.

அந்த வாழ்க்கை எப்படி இருந்தது என்று கொஞ்சம் பார்ப்போம். ஊரில் ஒருவர் இறந்தால் விடிவதற்குள் சேரிக்கு ஆள் வரும். வந்தவர் தெருமுனையில் நின்று கூப்பிடுவார், உள்ளே வரமாட்டார். ஒருவர் உறவுக்கார ஊர்களுக்கு நடந்தே போய்க் கேதம் சொல்ல வேண்டும். இருவர் குழி வெட்ட வேண்டும். மற்றவர்கள் பறையோடு போய்ப் பிணம் எடுக்கிறவரை வீட்டுக்கு வெளியே வெயிலில் நின்று அடிக்க வேண்டும். பிறகு பாடைக்கு முன்னால் ஆடிக்கொண்டே சுடுகாடு வரை போக வேண்டும். கூலி என்று பேசியது எதுவும் கிடையாது. வாய்க்கரிசியில் ஒரு பங்கு, கொஞ்சம் சில்லறை, குடிப்பதற்குச் சாராயம். அறுவடைக் களத்தில் இத்தனை மரக்கால் நெல் என்று வருடக் கணக்கு ஒன்று உண்டு. அதை வாங்குவதனாலேயே வருடம் முழுக்க எப்போது கூப்பிட்டாலும் போயாக வேண்டும். உடம்பு முடியவில்லை என்றாலும், தன் வீட்டிலேயே சாவு என்றாலும் போயாக வேண்டும். திருவிழாவில் சாமிக்கு முன்னால் போவது பறைதான், ஆனால் கோயில் படியோடு பறை நின்றுவிடும்.

இதைக் கலை என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. ஊழியம் என்றார்கள்.

ஆனால் கலை அங்கேயேதான் இருந்தது. வேப்ப மரத்தில் மூன்று துண்டு இழைத்து வட்டமாகச் சேர்த்துச் சட்டம் செய்வார்கள். தோலை ஊறவைத்து, மயிர் நீக்கி, புளியங்கொட்டைப் பசையில் இழுத்து ஒட்டிக் காயவிடுவார்கள். வலது கையில் குட்டையான அடிக்குச்சி, இடது கையில் மெல்லிய மூங்கில் சுண்டுக்குச்சி. அடிப்பதற்கு முன் வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காட்டுவார்கள். எவ்வளவு நேரம், எவ்வளவு பக்கத்தில் என்பதெல்லாம் விரலால் சுண்டிக் கேட்டுத் தெரிந்துகொள்வதுதான், அளவு கிடையாது. சாவுக்கு ஒரு அடி, கல்யாணத்துக்கு ஒரு அடி, சாமி வரவழைக்க ஒரு அடி, மாடு விரட்ட ஒரு அடி. கண்ணை மூடிக்கொண்டு தூரத்தில் கேட்டாலே எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடலாம். அடியும் ஆட்டமும் வேறுவேறு இல்லை. கால் எடுத்து வைக்கிற இடத்தில்தான் குச்சி விழும். பையன்கள் இதை எந்தப் பள்ளியிலும் படிக்கவில்லை. அப்பனுக்குப் பின்னால் நின்று, தகர டப்பாவில் தட்டித் தட்டிக் கற்றார்கள். மிருதங்கத்துக்கு எத்தனை ஆண்டு பயிற்சி என்று சபாக்களில் பேசுவார்களே, பறைக்கும் அத்தனை ஆண்டுப் பயிற்சி இருந்தது. சான்றிதழ் மட்டும் இல்லை.

மிருதங்கத்தைச் சொன்னதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பறை தீட்டு, ஏனென்றால் அது செத்த மாட்டின் தோல் என்பார்கள். மிருதங்கத்தில் இருப்பதும் மாட்டுத்தோல்தான். அதைச் செய்து கொடுத்த கைகள் யாருடையவை என்று டி.எம்.கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று 2020இல் ஒரு புத்தகமே எழுதினார். அதன் வெளியீட்டு விழாவுக்குக் கொடுத்த அரங்கைக் கலாக்ஷேத்ரா கடைசி நேரத்தில் ரத்து செய்தது. விழா வேறிடத்தில் நடந்தது. தோலில் தீட்டு இல்லை தோழர்களே. தோலைத் தொடுகிற ஆளைப் பார்த்துத்தான் தீட்டு வருகிறது.

இதற்கு எங்கள் பக்கத்திலேயே சாட்சி உண்டு. லப்பைக்குடிக்காடு இஸ்லாமியர்கள் நிறைந்த ஊர், வளைகுடாவில் வேலை பார்க்கும் குடும்பங்கள் ஏராளம். அங்கே ஒரு மவுத் நடந்தால் மேளம் கிடையாது, பறை கிடையாது. ஜனாஸா தோளில் போகும், தொழுகை நடக்கும், அடக்கம் முடியும். அதனால் எங்கள் பெரியவர்களை அந்த ஊரிலிருந்து யாரும் சாவுக்கு அடிக்கக் கூப்பிட்டதே இல்லை. மரம் ஏறக் கூப்பிடுவார்கள், கொல்லை வேலைக்குக் கூப்பிடுவார்கள், கூலியைக் கையில் கொடுப்பார்கள். ரமலான் மாதத்தில் சஹர் நேரத்தில் பக்கிரிஷாக்கள் தப்ஸ் அடித்துப் பாடிக்கொண்டு தெருத்தெருவாக வருவதை நான் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். தப்ஸும் வட்ட மரச்சட்டம், ஒரு பக்கம் தோல். பார்ப்பதற்குப் பறையின் தம்பி மாதிரி இருக்கும். அவர்களை வீட்டு வாசலில் நிற்கவைத்துக் காசும் அரிசியும் மரியாதையாகக் கொடுத்தார்கள். அதே மாதிரி ஒரு சட்டத்தையும் தோலையும் வைத்திருந்த என் பெரியப்பா, மற்ற ஊர்களில் தெருவுக்கே வர முடியாது. முஸ்லிம் ஊர் என்றால் எல்லாம் சமத்துவம் என்று நான் சொல்ல வரவில்லை, அங்கேயும் எங்களுக்கு மனத்தாங்கல்கள் உண்டு. ஆனால் பறையைக் கட்டாயமாக்கியது சாவு இல்லை, சாதி என்பதை அந்த ஊரைப் பார்த்தே புரிந்துகொள்ளலாம்.

அடுத்தவர் வீட்டுக்குக் கட்டாயமாக அடித்தவன் தன் வீட்டுக்கு அடிக்கலாமா? இதற்கும் வரலாறு பதில் வைத்திருக்கிறது. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகள் போட்டார்கள். அடுத்த ஆண்டு ஜூனில் அது பதினொன்றாயிற்று. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ஹட்டன் இந்தியச் சாதிகளைப் பற்றிய தன் நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். பெண்கள் மேலாடை போடக்கூடாது, நகை போடக்கூடாது, குடை செருப்பு கூடாது, பிள்ளைகள் படிக்கக்கூடாது என்று போகிற அந்தப் பட்டியலில் ஒன்று, தங்கள் கல்யாணத்தில் மேளம் வைக்கக்கூடாது என்பது. ஊருக்கே இசை கொடுத்த சேரி தன் பிள்ளை கல்யாணத்தை ஊமையாக நடத்த வேண்டும். மீறிய இடங்களில் குடிசைகள் எரிந்தன.

ஆகவே பறையைக் கீழே வைப்பது என்ற முடிவு, கலை தெரியாதவர்கள் எடுத்த முடிவு இல்லை. மகாராட்டிரத்தில் மகர்கள் வத்தன் என்ற பெயரில் ஊருக்குப் பரம்பரை ஊழியம் செய்ய வேண்டியிருந்தது. செத்த மாட்டை அகற்றுவது, சாவுச் செய்தி கொண்டுபோவது எல்லாம் அதில் அடக்கம். துண்டு நிலத்தைக் காட்டி ஒரு சாதியையே கட்டிப்போட்ட அந்த முறையை மாற்றுவதற்கு அம்பேத்கர் 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். நம் பக்கத்தில் அதே போராட்டத்தை நடத்தியவர் எல்.இளையபெருமாள். எங்கள் வெள்ளாறு திட்டக்குடியையும் பெண்ணாடத்தையும் கடந்து சேத்தியாத்தோப்புப் பக்கமாகக் கடலுக்குப் போகிறது. அந்தக் கீழ்க்கரை வட்டாரத்தில், காட்டுமன்னார்கோயிலில் 1924இல் பிறந்தவர். 1952இன் முதல் மக்களவைத் தேர்தலிலேயே வென்றவர். நாடாளுமன்றம் போவதற்கு முன்பும் போன பின்பும் தென்னார்க்காடு சேரிகளில் அவர் சொன்ன செய்திகளில் முக்கியமானது: சாவுக்குப் பறை அடிக்காதே, செத்த மாட்டைத் தூக்காதே. தன் வாழ்க்கையை 'சித்திரை நெருப்பு' என்று எழுதி வைத்திருக்கிறார். இளைஞர்கள் கட்டாயம் தேடிப் படிக்க வேண்டிய புத்தகம். 1965இல் ஒன்றிய அரசு அமைத்த தீண்டாமை குறித்த குழுவுக்கு அவர்தான் தலைவர். 1969இல் அறிக்கை கொடுத்தார். பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்கவேண்டும் என்ற பரிந்துரை அதில்தான் இருந்தது. பறையைக் கீழே வை என்ற மனிதரும், கருவறைக்குள் போகும் உரிமையைக் கேட்ட மனிதரும் ஒருவரே. இரண்டும் ஒரே கேள்வியின் இரண்டு முனை.

எங்கள் சேரியில் அது 1990களின் தொடக்கத்தில் நடந்தது. அம்பேத்கர் நூற்றாண்டு முடிந்த சமயம். படித்த பையன்கள் நாலு பேர் கூட்டம் போட்டு இனி அடிப்பதில்லை என்று சொன்னார்கள். பெரியப்பா முதலில் சம்மதிக்கவில்லை. களத்து நெல்லை யார் கொடுப்பது என்று கேட்டார். பிறகு ஒரு சாவில் நடந்த அவமானம் அவரை மாற்றிவிட்டது. அது என்ன என்று இன்றுவரை எங்களிடம் சொன்னதில்லை. அடுத்த சாவுக்கு ஆள் வந்தபோது பறையைக் கிழித்துத் தெருமுனையில் போட்டார். ஆறு மாதம் யாரும் நடவுக்குக் கூப்பிடவில்லை. கடையில் சாமான் தரவில்லை. அவருக்கு அடி விழுந்தது, இடது மணிக்கட்டு சரியாகச் சேரவே இல்லை. அந்த ஆறு மாதமும் பெரியம்மா லப்பைக்குடிக்காட்டுக் கடைகளில்தான் கடனுக்கு அரிசி வாங்கினாராம்.

இந்தக் கதை தெரிந்தால்தான், பிறகு வந்தவர்கள் பறையை ஏன் எடுத்தார்கள் என்பதும் புரியும். எடுத்தவர்கள் முந்தியவர்களை மறுத்து எடுக்கவில்லை.

கே.ஏ.குணசேகரனை எடுத்துக்கொள்ளுங்கள். 1955இல் பிறந்தவர். சொந்த ஊர் இளையான்குடிக்குப் பக்கத்தில் மாரந்தை. அன்றைக்கு அது அந்தப் பதினொரு தடைகள் போட்ட ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. வளர்ந்ததும் படித்ததும் இளையான்குடியில். லப்பைக்குடிக்காடு மாதிரி அதுவும் முஸ்லிம்கள் நிறைந்த ஊர். அங்கே தெரியாத தீண்டாமை, உறவுக்காரர்களின் கிராமங்களுக்குப் போனபோது முகத்தில் அறைந்ததை 2005இல் வந்த 'வடு'வில் எழுதியிருக்கிறார். தமிழில் முதல் தலித் தன்வரலாறு என்று பலரும் சொல்லும் புத்தகம் அது. பாட்டுத்தான் அவருடைய ஆயுதம். கிராமம் கிராமமாகப் போய்ப் பாட்டுச் சேகரித்தார், அதையே ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கினார், 'தன்னானே' கலைக்குழுவோடு அந்தப் பாட்டுகளை மேடைக்குக் கொண்டுபோனார். கவிஞர் இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' பாட்டு நாடெங்கும் போனது குணசேகரனின் குரலில்தான். கீழக்கரையில் சாகுல் அமீது என்ற பெயரில் பிறந்தவர் எழுதியதை, இளையான்குடியில் வளர்ந்த தலித் பாடினார். அது சேரிகளின் பாட்டாயிற்று. நீங்கள் ஊர்வலங்களில் பாடியிருப்பீர்கள், யார் பாட்டு என்று தெரியாமலேயே.

அவர் 'பலி ஆடுகள்' நாடகம் எழுதினார், 'சேரிப்புறவியல்' எழுதினார். நாட்டுப்புறவியல் என்று பொதுவாகச் சொல்லிச் சேரியை மறைத்துவிடாதீர்கள் என்பது அந்தத் தலைப்பிலேயே இருக்கிறது. புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாடகப் பேராசிரியர், உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநர் என்று பெரிய நாற்காலிகளில் உட்கார்ந்தார். கடைசிவரை மேடையேறிப் பாடினார். 2016 ஜனவரி 17 அன்று காலமானார். ஐதராபாத்தில் ரோகித் வெமுலா போனதும் அதே நாள்தான். அன்றைக்கு நமக்கு ஒரு சாவுக்கு அழ மட்டுமே நேரம் இருந்தது. குணசேகரனுக்குச் செலுத்த வேண்டிய மரியாதையை நாம் இன்னும் செலுத்தவில்லை என்றே நினைக்கிறேன்.

1990களில் மதுரை அரசரடி இறையியல் கல்லூரியின் தலித் ஆதார மையம் நடத்திய தலித் கலைவிழாக்களில் பறை நடு மேடைக்கு வந்தது. பறட்டை என்று எல்லோரும் கூப்பிட்ட தியாபிலஸ் அப்பாவு, கர்நாடக ராகத்திலும் மேலைநாட்டு மெட்டிலும் போய்க்கொண்டிருந்த தேவாலயப் பாட்டை நாட்டுப்புற மெட்டுக்கும் பறைக்கும் இழுத்துவந்தார். திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி கலைக்குழு இன்னொரு பெரிய கோட்டைத் தாண்டியது: பறையைப் பெண்கள் கையில் கொடுத்தது. அதுவரை ஊர் மட்டுமில்லை, சேரியும் பெண்ணைப் பறை தொடவிட்டதில்லை. இதை நாம் ஒத்துக்கொள்ள வேண்டும். பயிற்சியில் பெரியப்பாவிடம் பறையை நீட்டியது ஒரு பெண் என்பதே அவர்களால் வந்ததுதான்.

இந்த வரிசையின் முடிவில், 2025 குடியரசு நாளையொட்டி அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். பறையடித்ததற்காக ஒருவரை நாடு கூப்பிட்டு மாலை போட்டது. ஆசான் என்ற சொல்லைக் கவனியுங்கள். எங்கள் பெரியப்பாவை ஊரில் வயதில் சின்னவன்கூட 'வாடா' என்றுதான் கூப்பிட்டான். பறையடிக்கிறவருக்குப் பின்னால் ஆசான் என்ற சொல் ஒட்டுவதற்கு இரண்டு தலைமுறை பறையைக் கீழே போட வேண்டியிருந்தது. கீழே போட முடியும் என்று காட்டிய பிறகுதான், எடுத்தவனை விரும்பி எடுத்தவன் என்று உலகம் பார்த்தது.

ஆனால் எல்லாம் முடிந்துவிட்டதா? 2022 ஆகஸ்டில்தான் தமிழக அரசின் தலைமைச் செயலர் இறையன்பு, இனி தண்டோரா போடக்கூடாது, வண்டியில் ஒலிபெருக்கி கட்டி அறிவியுங்கள் என்று ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். அதாவது 2022 வரை அரசாங்கச் செய்தியைச் சொல்லவே ஒரு சாதியின் தோளில் தோல்கருவி தொங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு பக்கம் பறையைத் 'தமிழர் இசை' ஆக்கிவிட்டார்கள். பறை எல்லோருக்கும் பொதுவாவதில் எனக்கு மகிழ்ச்சிதான். கோவையிலும் கலிபோர்னியாவிலும் எந்தச் சாதிப் பிள்ளையும் கற்கட்டும். ஆனால் மேடைப் பறை தமிழருக்கு, சாவுப் பறை சேரிக்கு என்று பிரிந்து கிடக்கிறதே, அதைத்தான் கேட்கிறேன். சல்லடம் கட்டிப் பொங்கல் விழாவில் அடிக்கிற எல்லாச் சாதித் தோழர்களும் ஊரில் ஒரு சாவுக்குப் போய் அடித்துப் பார்க்கட்டும். நம்மிடம் இன்னும் சாவுக்கு அடித்துப் பிழைக்கிற அண்ணன்களும் இருக்கிறார்கள். அவர்களைக் கேவலமாகப் பார்க்காதீர்கள். இன்றைக்குப் பல பேர் செட்டு சேர்த்து, கூலி பேசி, முன்பணம் வாங்கி, வண்டி வைத்துப் போகிறார்கள். வரமுடியாது என்று சொல்லவும் செய்கிறார்கள். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் மணிக்கட்டு உடைந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம் பிள்ளைகள் வைக்கோல் கொளுத்திப் பறை காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா மறுபடி வந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். "தோலு இன்னும் ஏறல, தூக்கிப் புடி" என்றார். பிறகு தானே உட்கார்ந்து ஒரு பறையை வாங்கி, தீயில் திருப்பித் திருப்பிக் காட்டி, சுண்டிக் கேட்டு, அந்த மாணவி கையில் கொடுத்தார். அடிக்கவில்லை. எங்கே அடிக்கப் போகிறீர்கள் என்று கேட்டார். சித்திரையில் பக்கத்து ஊர்க் கோயில் திருவிழாவுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று அவள் சொன்னாள். கூலி பேசியாயிற்றா என்றார். பேசியாயிற்று என்றோம்.

"உள்ளயா, வெளியயா?"

யாருக்கும் தெரியவில்லை. நாங்கள் கேட்டிருக்கவே இல்லை. அன்று இரவே விழாக்குழுவுக்குப் போன் போட்டோம். பேசிவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள். இதை எழுதி முடிக்கும்வரை பதில் வரவில்லை.